பிளாஸ்டிக்கைக் குறைக்க: முதலில் டம்ளர், அப்புறம் பேச்சு

மேட்டூர் திறந்து எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டும்போது, தண்ணீருக்கு முன்னால் குப்பை வரும். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வாய்க்காலில் மேலே இருக்கிற ஊர்கள் எல்லாம் போட்டதை முதல் தண்ணீர் வாரிச் சுருட்டித் தள்ளிக்கொண்டு வரும். கேரி பை, டீ கப், தண்ணீர் பாக்கெட், ஷாம்பு உறை, கல்யாண வீட்டுப் பாட்டில் எல்லாம் குமிழி வாயில் வந்து நிற்கும். குமிழி என்பது வாய்க்கால் கரைக்கு அடியில் வயலுக்குத் தண்ணீர் பாயப் பதித்திருக்கும் குழாய். அதை அடைக்க ஒரு பை போதும். இறங்கிக் கையை விட்டு இழுத்தால்தான் வரும். கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாளில், அந்த அடைப்பை எடுத்து முடிப்பதற்குள் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் நீடாமங்கலம் பக்கம் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார், கோரையாற்றுப் பாசனம். குமிழியில் சிக்காமல் தப்பிப் போகும் குப்பை கோரையாறு, பாமணியாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் போய்ச் சேர்கிறது. சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களில் மாட்டிக்கொண்டால் அதை எடுக்க ஆளில்லை.

இத்தனை வருஷக் கடை அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். பிளாஸ்டிக் மேல் ஆசைப்பட்டு அதை யாரும் வாங்குவதில்லை. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் வேறு எதுவும் இல்லாததால் வாங்குகிறார்கள். டம்ளர் இருந்தால் டம்ளரில் குடிப்பார்கள். அதனால் நான் சொல்லப்போகும் வழி எல்லாமே, மாற்றுப் பொருளை முன்கூட்டியே கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றியது.

முதலில் உங்கள் வீட்டுக் கணக்கு

ஒரு வாரத்துக்கு வீட்டில் சேரும் பிளாஸ்டிக்கை மட்டும் தனியாக ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். ஈரமானதைக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் பிடிக்கும். வாரம் முடிந்ததும் வாசலில் கொட்டிப் பிரித்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு வேறு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டும் மளிகைப் பையும் முன்னால் நின்றன. என் ஓர்ப்படி வீட்டில் ஓட்டல் பார்சல் கவர்கள்தான் பாதிச் சாக்கு. எது அதிகமோ அதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்த்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

பை விஷயம் எளிது. தாம்பூலப் பை இல்லாத வீடு நம் பக்கம் கிடையாது. பீரோவுக்குள் மடித்துக் கிடந்தால் அதனால் பயனில்லை. இரண்டை வண்டியில் வையுங்கள், டிவிஎஸ் எக்செல்லாக இருந்தால் முன் கொக்கியிலேயே மாட்டிவிடலாம். ஒன்றை வாசல் ஆணியில் செருப்புக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். "ஆம்பளை பை தூக்கிட்டுப் போறதா" என்று கேட்கும் வீடுகளில்கூட, பை வண்டியிலேயே இருந்தால் பேச்சு எழாது.

துணி மாதிரியே இருக்கும் பைகள் எல்லாம் துணி இல்லை. ஜவுளிக்கடையிலும் இனிப்புக்கடையிலும் தரும் மெல்லிய கலர் பைகள் பல, பாலிபுரொப்பிலின் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலளவு வெட்டி, கொல்லையில் வைத்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருங்கி உருகி, ஆறியதும் மணியாக இறுகிவிடும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடைகளில் தப்பாகவே பேசிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை இருக்கிறது. கேரி பை எத்தனை தடிமனாக இருந்தாலும் அதில் அடக்கம். இந்த உருகும் "துணி" பையும் அடக்கம். பிளாஸ்டிக் பூசிய டீ கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாமே பட்டியலில் உண்டு. "120 மைக்ரான் பைன்னா பரவாயில்லக்கா" என்று சொல்வது மத்திய அரசின் விதி. நம் மாநிலத்தில் அந்தச் சலுகை இல்லை. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. ஆனால் கடைக்காரரிடம் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதை நான் செய்வதில்லை, உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். "அண்ணே, கவர் வேணாம், பை கொண்டாந்திருக்கேன்" என்பது போதும். கவர் அவருக்கும் செலவுதான்.

கடைத்தெருவில்

மளிகையில் பருப்பு, மிளகாய், மல்லி போன்றவற்றைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய கடைகளில் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டமான நேரத்தில் கேட்டால் எரிச்சல்படுவார்கள். மதியம் இரண்டு மூன்று மணிக்குப் போனால் நிதானமாகக் கட்டித் தருவார்கள். எண்ணெய்க்கு மூடி இறுக்கமான தூக்கோடு செக்குக்குப் போகலாம்.

கறி, மீன் வாங்க எவர்சில்வர் டப்பா கொண்டுபோகும்போது எடை பற்றிய தயக்கம் வரும். டப்பாவை மூடியில்லாமல் முதலில் தராசில் வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, அதில் போடச் சொல்லுங்கள். மின்தராசில் அதற்கென்று பொத்தானே இருக்கிறது. மீன் விற்கும் ஆச்சிக்கு இதனால் ஒரு சிரமமும் இல்லை, கவரைப் பிரிக்க ஈரக் கையோடு ஊதிக்கொண்டு நிற்கும் வேலை மிச்சம்.

ஓட்டலில் கொதிக்கக் கொதிக்க சாம்பாரையும் சால்னாவையும் கவரில் ஊற்றிக் கட்டித் தருவதை நான் ரொம்ப வருத்தத்தோடு பார்க்கிறேன். சூடான எண்ணெய்ப் பண்டமும் பிளாஸ்டிக்கும் சேரவே கூடாது. மூன்றடுக்கு கேரியர் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் குழம்புக்கு மட்டுமாவது ஒரு தூக்கு.

பால் பாக்கெட்டைத் தவிர்க்க முடிந்தவர்கள் சொம்போடு பால்காரரிடம் வாங்குங்கள். முடியாதவர்கள் வெட்டும் விதத்தை மாற்றுங்கள். மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி மட்டும் வெட்டி ஊற்றுங்கள். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை, நேரே சாக்கடைக்குத்தான் போகும். காலிப் பாக்கெட்டைக் கழுவிக் கொடியில் காயப்போட்டுச் சேர்த்து வைத்தால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

ஷாம்பு, ஊறுகாய், காபித்தூள் உறைகளைக் காயலான் கடையில் வாங்க மாட்டார்கள். பல அடுக்கு ஒட்டிச் செய்த உறை அது, பிரிக்க முடியாது. மாதச் சம்பளம் வரும் வீட்டில் பெரிய பாட்டில் வாங்கலாம், சீயக்காய் அரைத்து வைக்கலாம். ஆனால் அன்றாடக் கூலியில் இரண்டு ரூபாய்க்கு வாங்கும் குடும்பத்தைப் பார்த்து "ஏன் பாக்கெட் வாங்குறே" என்று கேட்காதீர்கள். அது நியாயமில்லை.

இன்னொன்று, பிளாஸ்டிக் கவரை வைத்து அடுப்புப் பற்றவைக்கும் பழக்கம். விறகு ஈரமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் நிறையப் பேர் செய்கிறார்கள். அந்தப் புகை குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. பிவிசி கலந்த பொருளாக இருந்தால் எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். பன்னாடை, காய்ந்த பாளை, கொட்டாங்குச்சி இதையெல்லாம் வெயில் காலத்திலேயே ஒரு சாக்கு சேர்த்துப் பரணில் போட்டுவிட்டால் மழையில் கவரைத் தேட வேண்டியிருக்காது.

வயல் டீ

இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நடவுக்கும் களைக்கும் ஆள் விட்டால் காலையிலும் மதியத்துக்கு அப்புறமும் டீ வாங்கித் தருவது நம் ஊர் முறை. இப்போது அந்த டீ கடையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் கட்டி வருகிறது, கூடவே ஒரு கட்டு பேப்பர் கப்பும் வருகிறது. குடித்ததும் கப் வரப்பில் விழும். மழையிலும் காற்றிலும் வாய்க்காலுக்குப் போகும், இல்லாவிட்டால் சேற்றில் புதையும். மறுவருஷம் ரோட்டவேட்டர் ஓட்டும்போது கிழிந்த கவர் கத்தியில் சுற்றிக்கொண்டு வெளியே வரும்.

பேப்பர் கப் காகிதம்தானே என்று நினைக்கிறார்கள். உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் டீ ஒழுகாமல் நிற்கிறது. காரக்பூர் ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் இதைச் சோதித்தார்கள். அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டார்கள். வெயிலில் குனிந்து நாற்று நடும் பெண்களுக்கு நாம் தருவது அது.

மாற்று ரொம்பச் சுலபம். பெரிய தூக்குவாளி ஒன்று, வேலைக்கு வருபவர்களைவிட நாலைந்து கூடுதலாக எவர்சில்வர் டம்ளர், எல்லாம் ஒரு கூடையில். டீக்கடையில் தூக்கைக் கொடுத்தால் அதிலேயே ஊற்றித் தருவார்கள். டம்ளரைக் கழுவும் வேலை நடவு ஆட்களுடையது இல்லை, நிலம் வைத்திருப்பவர் வீட்டுடையது. இதில் நான் கறாராக இருக்கிறேன். கூலிக்கு வந்தவரிடம் பாத்திரம் கழுவச் சொன்னால் அடுத்த நாள் அவரே "பேப்பர் கப்பே வாங்கிட்டு வாங்கம்மா" என்பார், அது சரியும்கூட. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில இடங்களில் வேலை செய்பவர்களுக்குத் தனி டம்ளர் வைக்கும் கெட்ட வழக்கம் இருந்தது, அந்த நினைவு பலருக்கு இன்னும் போகவில்லை. அதனால் நீங்களும் அதே கூடையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, அவர்களோடு வரப்பில் உட்கார்ந்து குடியுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கல்யாணம், காதுகுத்து, சடங்கு

ஒரு வீட்டில் வருஷம் முழுக்கச் சேரும் பிளாஸ்டிக்கை ஒரு முகூர்த்தம் ஒரே காலையில் தாண்டிவிடும். அதிலும் சின்னத் தண்ணீர் பாட்டில்தான் முதல் குற்றவாளி. ஆளுக்கு ஒன்று என்று இலையோரம் வைப்பார்கள். பாதி குடித்துவிட்டு எழுந்து போவார்கள். கை கழுவும் இடத்தில் இன்னொன்றை உடைப்பார்கள்.

600 பேருக்கு விருந்து என்றால் 600 டம்ளருக்கு எங்கே போவது என்பார்கள். அத்தனை வேண்டாம். ஒரு பந்தியில் 120 இலை போடும் மண்டபம் என்றால், 120 டம்ளர் இலையில், 120 கழுவுமிடத்தில், கைக்கு உதவியாக ஒரு 30. ஆக 270 போதும், ஐந்து பந்தியும் நடத்திவிடலாம். கொல்லைப் பக்கம் மூன்று அண்டாவை வரிசையாக வையுங்கள். முதல் அண்டாவில் பவுடர் போட்டுத் தேய்ப்பது, இரண்டாவதில் அலசுவது, மூன்றாவதில் சூடான தண்ணீரில் முக்கி எடுப்பது. பிறகு மூங்கில் கூடையில் கவிழ்த்து வைத்தால் அடுத்த பந்திக்கு வடிந்துவிடும். இதற்கென்று இரண்டு பேரைத் தனியாகக் கூலி பேசி வையுங்கள். சமையல்காரரோடு வந்த உதவியாள் தலையில் இதையும் கட்டினால் மூன்றாம் பந்தியிலேயே யாரோ ஒருவர் பாட்டில் கேஸை இறக்கிவிடுவார்.

விருந்தாளிகளுக்கு இருக்கும் பயம் டம்ளர் மேல் இல்லை, தண்ணீர் மேல். "எந்தத் தண்ணி?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் கேன்களைப் பந்தியில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள், அல்லது சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்து ஜக்கில் கொண்டுவாருங்கள். மஞ்சள் நிறத்தையும் வாசனையையும் பார்த்தாலே மறு பேச்சில்லாமல் குடிப்பார்கள். முன்கூட்டியே ஊற்றி வைக்காதீர்கள். ஆள் உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள்.

இலை விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை இருக்கிறது. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி பக்கம் படுகை முழுக்க வாழை. இருந்தும் தை, ஆவணி முகூர்த்தங்களில் இலை விலை ஏறியதும் பச்சைக் கலரில் அச்சடித்த பேப்பர் இலைக்குப் போய்விடுகிறார்கள். அதன் மேல்பக்கமும் பிளாஸ்டிக் பூச்சுதான். தேதி குறித்த வாரமே இலைக்காரரிடம் முன்பணம் கொடுத்துச் சொல்லிவையுங்கள். காலை டிபனுக்கு நுனி இலை தேவையில்லை, ஏடு போதும், விலை பாதியாகும். மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் ரோல் தேவையே இல்லை. ஈரத்துணியால் துடைத்த மேஜையில் இலையைப் போடலாம்.

சாப்பிட்ட இலை மாட்டுக்கும் எருக்குழிக்கும் போகவேண்டும். அதில் ஐஸ்கிரீம் கப்பும் ஸ்பூனும் கலந்துவிட்டால் மாடு அதையும் சேர்த்து விழுங்கிவிடும், வயிற்றில் தங்கிவிடும். ஐஸ்கிரீம் வேண்டும் என்றால் எவர்சில்வர் கிண்ணத்தில் அள்ளிப் போடுங்கள், என் கடை மாதிரி எந்தப் பாத்திரக் கடையிலும் கிண்ணம் வாடகைக்குக் கிடைக்கும். பீடாவுக்குக் கும்பகோணம் வெற்றிலையை மடித்துக் கிராம்பைக் குத்துங்கள், பிளாஸ்டிக் குச்சி எதற்கு. தெர்மாகோலில் பெயர் வெட்டி ஒட்டுவதும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையாகிவிட்டது. பூக்காரரிடமே பூவில் எழுதச் சொல்லலாம்.

மற்றவர்களை எப்படிச் சேர்ப்பது

முடிவு எடுப்பவர் யார் என்று முதலில் பாருங்கள். கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பாவிடம் பேசிப் பிரயோஜனமில்லை, அவருக்கு ஆயிரம் கவலை. பணப்பையை வைத்திருக்கும் தாய்மாமனிடமும் தலைமைச் சமையல்காரரிடமும் பேசுங்கள், அதுவும் சாமான் பட்டியல் போடும் நாளில். பாட்டில் ஆர்டர் போன பிறகு பேசினால் நல்ல காரியத்தில் குறை சொல்ல வந்தவர் ஆகிவிடுவீர்கள். பாட்டில் விலையை ஆட்களோடு பெருக்கி ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள், பக்கத்தில் டம்ளர் வாடகையையும் கழுவும் கூலியையும் எழுதுங்கள். மாமா அந்தச் சீட்டைப் பார்த்துக்கொள்வார்.

கோயில் விழாவில் நீர்மோர், பானகம் கொடுப்பவர் பெயர் தட்டியில் இருக்கும். அவரிடம் "டம்ளர் நாங்க தர்றோம், கழுவ ஆளும் நிக்கும்" என்று சொன்னால் மறுக்க மாட்டார். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணிக் கொடியேற்றம், செப்டம்பர் 8-ல் மாதா பிறந்தநாள். அந்த நாட்களில் எங்கள் சாலை வழியாக நடந்து போகிறவர்களுக்கு ஊர் ஊராகத் தண்ணீர் கொடுப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் பாட்டில் வைத்திருப்பார்கள். ஜக்கில் ஊற்றி அந்தப் பாட்டிலை நிரப்பிவிட்டால் போதும், புதுப் பாட்டிலோ பாக்கெட்டோ வேண்டாம்.

ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் ஒரு கூடையோடு இரண்டு பிள்ளைகளை நிறுத்துங்கள். காதோலை, கருகமணி, மஞ்சள், குங்குமம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் செட்டாக விற்கிறார்கள், அப்படியே ஆற்றில் விடுகிறார்கள். "அத்தை, கவரை மட்டும் இதுல போடுங்க" என்று ஒரு பிள்ளை கேட்டால் யாரும் முறைப்பதில்லை. நாமே போய் நின்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது.

கிராம சபையிலும் கேளுங்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், தூர்வாரும் வேலை தொடங்குவதற்கு முன்னால் வருவது. வாய்க்காலில் குப்பை கொட்டக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்வதோடு, கொட்டுவதற்கு வேறு இடத்தையும் வண்டி வரும் நேரத்தையும் எழுதிக் கேளுங்கள். தூய்மைக் காவலர்களிடம் காய்ந்ததைத் தனியாகவும் சுத்தமாகவும் கொடுங்கள். சாம்பார் ஒட்டிய கவரை அவர் கையால் பிரிக்க வைப்பது பெரிய அநியாயம்.

துக்க வீட்டு டம்ளர்

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் பேசலாம். சாவுக்கு அப்படி முடியாது. விடிகாலையில் செய்தி வரும், எட்டு மணிக்குள் ஊரே கூடிவிடும், டீ கொடுக்கவேண்டும். அந்த நேரத்தில் யாரையும் போய்ப் பிளாஸ்டிக் பற்றிப் பேச முடியாது, பேசவும் கூடாது. அதனால் எங்கள் தெரு மகளிர் குழுவில் சேமிப்புப் பணத்திலிருந்து எடுத்து ஊருக்குப் பொதுவாக டம்ளர் வாங்கி வைத்தோம். துக்க வீட்டுக்கு வாடகை கிடையாது. செய்தி வந்ததும் குழுவில் இரண்டு பேர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு, அங்கேயே இருந்து கழுவிக் கொடுத்துவிட்டு வருவார்கள். கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. துக்க வீட்டில் அதில் டீ குடித்தவர்கள்தான் பிற்பாடு பேரன் காதுகுத்துக்கு "அந்தப் பெட்டி கெடைக்குமா" என்று தாங்களாகவே வந்து கேட்டார்கள். என் கடைக்கு வரவேண்டிய வாடகையில் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை.

உங்கள் ஊரில் செய்வதானால் இதைக் கவனியுங்கள். எல்லா டம்ளரும் ஒரே அளவாக, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்படி வாங்குங்கள். பாத்திரக்கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள், குழுவின் பெயரை வெட்டிவிடுங்கள், தனி ஆள் பெயர் வேண்டாம். உபயம் என்று யார் பெயராவது வந்தால் அவரோடு பகை உள்ள வீடு வாங்காது. பெட்டிச் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் இன்னொருவர் திறப்பார். ஒரு நோட்டில் போன கணக்கும் வந்த கணக்கும் எழுதுங்கள். துக்க வீட்டில் குறைந்தால் கேட்காதீர்கள், விசேஷ வீட்டில் குறைந்தால் வாங்கிய விலையைக் கேளுங்கள். விசேஷ வீட்டுக்கு ஒரு சிறிய வாடகை வைத்தால், வருஷக் கடைசியில் அந்தப் பணத்தில் குறைந்த டம்ளர்களை வாங்கிச் சேர்த்துவிடலாம்.